புதுப்பிப்பு: தபாலில் அனுப்பிய கத்தரி நாற்று இந்த முறை பிழைத்தது

மதுரையிலிருந்து சென்னையில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பிய நாற்றெல்லாம் ஏன் அழுகியது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இந்த முறை 20 அனுப்பினேன், 17 தேறியது. கைகொடுத்தது "இலையை நனைக்க வேண்டாம், வேர் மட்டும் ஈரமாக இருந்தால் போதும்" என்ற யோசனைதான்: வேரைச் சுற்றி நன்றாகப் பிழிந்த தென்னை நார்க்கழிவு, அதன்மேல் பாலித்தீன், தண்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட், இலைப்பக்கம் வெறும் செய்தித்தாள், அட்டைப்பெட்டியில் நாலைந்து ஓட்டை. முன்பு பாசம் பொங்கி முழுசாகத் தண்ணீர் தெளித்து மூடியிருந்தேன், அதுதான் வினை. திங்கட்கிழமை அனுப்பியதால் ஞாயிறு விடுமுறையில் மாட்டாமல் புதன்கிழமையே போய்விட்டது.

எதிர்பாராதது ஒன்று: பட்டுப்போன 3 நாற்றும் வழியில் வாடிச் சாகவில்லை, வந்த அன்றே வெயிலில் நட்டதில் கருகின. மற்றதை 2 நாள் நிழலில் வைத்து அப்புறம்தான் அக்கா நட்டாள்.