சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் ஒட்டு: உப்புப் பூக்கிறது, என்ன செய்யலாம்?

பள்ளத்தூர்வாசி: வளவு வீடு, அதாவது நடுவில் முற்றம் வைத்த பழைய செட்டிநாட்டு வீடு. உள்பக்கம், இரண்டாம் கட்டுச் சுவரில் அடியிலிருந்து மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்கிறது. சிமென்ட் பூசிய இடங்களில்தான் கொப்பளம் அதிகம். வாட்டர்புரூஃப் பெயின்ட் அடிக்கச் சொல்கிறார் கொத்தனார். அடிக்கலாமா?

சுண்ணாம்புக்காரர்: வேண்டாம் அண்ணே. செங்கலும் சுண்ணாம்பும் ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அடைத்துவிடும். ஈரம் மேலே ஏறி, ஒட்டின் ஓரத்தில் உப்பாக வெடிக்கும். பெயின்டும் அதே வேலையைத்தான் செய்யும்.

சிமென்டைச் சிற்றுளியால் மெதுவாகக் கொத்தி எடுங்கள். ஈரம் தெரியும் உயரத்துக்கு மேல் ஓரடி வரை பழைய பூச்சையும் எடுக்கணும். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். தண்ணீர் ஊற்றினால் கரைந்து உள்ளேயே போகும். ஒரு கோடை முழுக்கக் காயட்டும். இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள்.

நீர்த்த சுண்ணாம்பைத் தண்ணீரில் மூழ்கவைத்து மூன்று வாரமாவது புளிக்க விடுங்கள். ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு சலித்த மணல், கடுக்காய் ஊறிய நீர். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் பூசினால் விரிசல் விடும். ஒரு வாரம் ஈரச்சாக்கு. வெள்ளைக்கரு சேர்த்த மெல்லிய மேல்பூச்சு கடைசியில். ஈரம் வற்றுமுன் வழவழப்பான கல்லால் தேய்த்தால்தான் அந்தப் பளபளப்பு.

ஓட்டுக்கூரைக்காரர்: முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முற்றத்து வடிகால் அடைப்பு, நாலு கூரையும் சேரும் மூலைத் தகரத்தில் ஓட்டை, இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஐப்பசிக்கு முன்னாலே முடித்துவிடுங்கள்.

பள்ளத்தூர்வாசி: நன்றி. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லிலும் (பூ வேலைப்பாட்டு டைல்ஸ்) வெள்ளை படிந்திருக்கிறது. ஆசிட்?

சுண்ணாம்புக்காரர்: தொடவே கூடாது! அதுவும் சிமென்ட் கல்தான், ஆசிட் நிறத்தையே தின்றுவிடும். ஈரத்துணி, காய்ந்தபின் துளி தேங்காயெண்ணெய்.