ஊதியத்துடன் கூடிய தொழிலகப் பயிற்சி: தரவு யாருக்கு உரியது?

கேள்வி: வேதியியல் முதுகலை இறுதியாண்டில் பயிலும் எனக்கு, ஒரு மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் ஆறு மாத ஊதியப் பயிற்சி கிடைத்துள்ளது. அங்கு பெறும் தரவுகளை என் ஆய்வேட்டில் பயன்படுத்தலாமா?

மறுமொழி: கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள். இரகசியக் காப்பு ஒப்பந்தம் இருந்தால், எழுத்துப்பூர்வமான அனுமதியின்றி எதையும் வெளியிட இயலாது. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு கண்டுபிடிப்பு வெளியாகிவிட்டால், பல நாடுகளில் அதன் புதுமைத் தன்மையே பறிபோய்விடும் என்பதால்தான் நிறுவனங்கள் இவ்வளவு தயங்குகின்றன.

மறுமொழி: தரக்கட்டுப்பாட்டில் ஒரே குரோமட்டோகிராபி (கலவையின் கூறுகளைப் பிரித்தறியும்) முறையைத் திரும்பத் திரும்பச் செய்ய நேரும், சலிப்புதான். ஆயினும், ஒவ்வோர் அளவீட்டையும் எடுத்த கணமே பதிவுசெய்யும் ஒழுங்கை நான் அங்குதான் கற்றேன்.

கேட்டவர்: நன்றி. சேர்மங்களின் பெயரை மறைத்து, பகுப்பாய்வு முறையை மட்டும் எழுத அனுமதி கோருகிறேன்.