ஓடாநிலைச் சண்டை, தனி ஆட்டம்: சீட்டு சொதப்புது, வழி சொல்லுங்க

வணக்கமுங்க. தீரன் சின்னமலைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடந்த 1802 ஓடாநிலைச் சண்டையை, 15 மி.மீ. படைவீரர் பொம்மைகளைப் பலகையில வச்சு, எதிராளி இல்லாம தனியா ஆடற போர் விளையாட்டுக்கான அமைப்பு இது. பலகை 90க்கு 60 செ.மீ. சின்னமலை பக்கம் 8 அணி, கம்பெனி பக்கம் 6. அணிக்கு ஒண்ணுன்னு 14 சீட்டு. சீட்டை ஒவ்வொண்ணா எடுக்கறது; சிவப்பு வந்தா கம்பெனி அணிக்கு முறை, கறுப்பு வந்தா சின்னமலை அணிக்கு.

சிக்கல் இதுதானுங்க. நாலு சிவப்பு வரிசையா விழுந்தா, பதிலுக்கு ஒரு குண்டு வெடிக்கறதுக்குள்ள கோட்டை முகப்பு காலி. துப்பாக்கி வீச்சை 20லிருந்து 12 செ.மீ. ஆக்கினாலும் தீரலை. ரெண்டு ஜோக்கர் சேர்த்து, ரெண்டாவது வந்ததும் சுற்று முடியுதுன்னு வச்சா, சராசரியா 9 சீட்டுதான் வெளிய வருது. தன் சீட்டு வராம குதிரைப்படை ரெண்டு மூணு சுற்று அப்படியே நிக்குது. வராத சீட்டை அடுத்த கட்டுக்கு மேல வைக்கலாமுங்களா? ஆனா அப்ப அடுத்து யாருன்னு முன்னமே தெரிஞ்சுரும், தனி ஆட்டத்துல அதுக்கு மேல என்ன சுவாரசியம்?

எதிரி அணி என்ன செய்யணும்னு பகடை உருட்டிப் பார்க்கறது: 1-2 நில், 3-4 சுடு, 5-6 முன்னேறு. வீச்சுல ஆள் இல்லாம 'சுடு' விழுந்தா முன்னேற விடறதா, நிறுத்தறதா?

இன்னொண்ணு. சித்திரை வெயில்ல பிரைமர் (வண்ணத்துக்கு முன்ன அடிக்கற அடிப்பூச்சு) ஸ்ப்ரே பொம்மையைத் தொடறதுக்குள்ள காத்துலயே காஞ்சு, முகமெல்லாம் ரவை தூவின மாதிரி சொரசொரங்குது. தூரிகையில பூசற பிரைமர் ஈரோடு, கோவைப் பக்கம் எங்க கிடைக்குமுங்க?