வள்ளம் போன பிறகு

எங்களுக்கு ஊர் பாம்பன். மீன் எடுக்கிற வியாபாரியிடம் வலைக்காக அப்பா 40,000 முன்பணம் வாங்கி, வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பத்திரத்தில் ஏறியது ஒன்றரை லட்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மாதா கோயிலில் பூசைக்குப் போயிருந்த நேரம் அந்த வியாபாரி ஆட்களோடு வந்து வள்ளத்தை இழுத்துப் போய்விட்டார். அடுத்த வாரம் அதே ஆள் கோயிலில் முன்வரிசையில் முழந்தாளிட்டிருந்தார். யாரும் வாய் திறக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் அவரிடம் கடன்.

அம்மா கடல்பாசி எடுக்கப் போனார். பழைய சேலையைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி, கடலடிப் பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்க வேண்டும். துணி சுற்றினாலும் கல் அறுக்கும். ராத்திரி ஜெபமாலை சொல்லும்போது மஞ்சள் பற்றுப் போட்ட அந்த விரல்கள் மணியைப் பிடிக்க முடியாமல் தடுமாறும். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியாது. பாதியில் எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவேன். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று யாராவது சொன்னால் அப்படிக் கோபம் வரும்.

அந்த வருடம் பிப்ரவரியில் அம்மா என்னை ஓரியூருக்குக் கூட்டிப் போனார். போர்ச்சுகலிலிருந்து வந்த ஜான் டி பிரிட்டோ சாமியாரை, எங்கள் அருளானந்தரை, 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டிய இடம். மண் சிவப்பாக இருக்கும். சிறையில் மை கிடைக்காமல் கரியைக் கொண்டு அவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு மரண தண்டனை கொடுத்த ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி மேல் இடி விழவில்லை. அதற்கப்புறமும் 17 வருடம், 1710 வரை ஆண்டார். அன்று அங்கே நின்றவர்கள் கடவுள் தோற்றுப்போனார் என்றுதான் நினைத்திருப்பார்கள். அருளானந்தருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது 1947இல். நடுவில் 254 வருடம்! என் வழக்கு மட்டும் ஒரு வருடத்தில் தீர வேண்டும் என்று நான் கடவுளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

சண்டை போடுவது தப்பில்லை என்பதையும் அப்புறம்தான் புரிந்துகொண்டேன். பைபிளில் இறைவாக்கினர் அபக்கூக்கு, எத்தனை காலம் கூப்பிடுவது, கொடுமையைப் பார்த்துக்கொண்டு ஏன் சும்மா இருக்கிறீர் என்று கடவுளிடமே கேட்கிறார். தாமதமானாலும் காத்திரு என்றுதான் பதில் வருகிறது. கடைசியில், அத்திமரம் பூக்காவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் ஆண்டவரில் மகிழ்வேன் என்கிறார். அதைப் படித்துக் காட்டியபோது அம்மா, “வள்ளம் இல்லன்னாலும்னு சேத்துக்க” என்றார்.

வள்ளம் திரும்பி வரவில்லை. நீலத்தை அழித்துப் பச்சை அடித்து, வேறு பெயர் எழுதி, அதே கரையில்தான் நிற்கிறது. அந்த ஆளும் வசதியாகத்தான் இருக்கிறார். நேற்று ராத்திரி ஜெபமாலையில் அம்மா அவர் குடும்பத்துக்காகவும் ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னார். அதைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. ஆனால் எழுந்து போகாமல் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.