ஆறாமீனும் அரையடி வரப்பும்

வானத்தைப் பார்த்து ‘அட, நாம இம்புட்டுத்தானா’ன்னு தோணி, அதுல மனசு லேசான அனுபவம் யாருக்காவது இருக்கா? நம்ம மதுரை சுத்துவட்டாரத்து ஆட்கள் எழுதுங்க. முதல்ல நானே சொல்லிடுறேன்.

ஊர் மேலூர்ப் பக்கம். எனக்கும் பெரியப்பா மகனுக்கும் வரப்புத் தகராறு. வருஷா வருஷம் வரப்பை வெட்டி வெட்டி அரையடி எங்க பக்கம் தள்ளிட்டார்ங்கறது என் கட்சி. அவரைக் கேட்டா வேற சொல்வார். சர்வேயர் ரெண்டு தடவை வந்து அளந்தாச்சு. ரெண்டு வருஷமாப் பேச்சு இல்லை. அவர் பேத்தி காதுகுத்துக்குக்கூட நான் போகல.

போன கார்த்திகையில மழை ஏமாத்திருச்சு. கிணத்துத் தண்ணிதான். மும்முனை கரண்ட் ராத்திரி பதினோரு மணிக்கு மேல. மோட்டார் ரூம் வாசல்ல கயித்துக் கட்டிலைப் போட்டு மல்லாக்கப் படுத்திருந்தேன். உச்சியில ஆறாமீன், அதான் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், மங்கலா ஒரு கொத்து. மகளுக்காக போன்ல இறக்கி வச்சிருந்த வானப் படத்தைத் திறந்தா, ஏறக்குறைய 440 ஒளியாண்டு தூரம்னு போட்டிருந்துச்சு, அதாவது வெளிச்சம் இங்க வந்து சேரவே 440 வருஷம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்ப என் கண்ணுல விழுற வெளிச்சம் அங்கிருந்து கிளம்பினப்ப நாயக்கர் மகாலே கிடையாது. மகால் கட்டினது 1636-ல, இது அதுக்கும் அம்பது வருஷம் முந்திக் கிளம்பினது. அப்ப இந்த வயல் யார் கையில இருந்துச்சோ, வரப்பு எங்க ஓடுச்சோ!

தென்கிழக்குல பளிச்சுன்னு சிரியஸ். அது 8.6 ஒளியாண்டுதான். என் மகளுக்கு எட்டரை வயசு. மகாலுக்கு முந்தின வெளிச்சமும் மக பிறந்தப்ப கிளம்பின வெளிச்சமும் ஒண்ணா வந்து கண்ணுல விழுது. இதையே நினைச்சுக்கிட்டுக் கிடந்ததுல கரண்ட் வந்தது தெரியல. பக்கத்து வயல்ல இருந்து அண்ணன் சத்தம்: “ஏய், கரண்ட் வந்துருச்சுடா, தூங்கிட்டியா?”

“இல்லண்ணே, முழிச்சுத்தான் இருக்கேன்.”

வழக்கு அப்படியேதான் இருக்கு. அரையடியை நான் விடப்போறதும் இல்லை. ஆனா அன்னைக்கு வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கினேன்.

*

திருநகரிலிருந்து. பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். என் அனுபவத்தில் வானமே கிடையாது, டியூப்லைட்தான். அம்மா ஐசியூவில். ராத்திரி ரெண்டு மணிக்கு வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று பாடம் ஞாபகம் வந்தது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் என்ற மிக நுண்ணிய துகள்கள், கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் மட்டும் விநாடிக்கு 6,000 கோடிக்கு மேல் ஊடுருவிப் போகின்றன. ராத்திரியில் சூரியன் காலுக்குக் கீழே. அப்படியென்றால் அவை பூமியையே துளைத்து, தரை வழியாக ஏறி, என்னையும் உள்ளே படுத்திருக்கும் அம்மாவையும் கடந்து, கூரையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கின்றன. அந்தக் கண்ணாடிக் கதவு எனக்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம்தான் திறக்கும். அவற்றுக்கு அது கதவே இல்லை. இதில் என்ன ஆறுதல் என்று கேட்டால் விளக்கத் தெரியவில்லை. மூச்சு மட்டும் சீரானது. பதினோராம் நாள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

*

எனக்கு லேசாகல, வயித்தைக் கலக்குச்சு. அதையும் எழுதலாம்தானே? 2019 டிசம்பர் 26, வளைய சூரிய கிரகணம். திண்டுக்கல்ல தங்கச்சி வீட்டுல இருந்தேன். அவ மாமியார் யாரும் வெளிய போகக்கூடாதுன்னுட்டாங்க. நான் மட்டும் நைசா நழுவிட்டேன். வாசல்ல புங்கமரம். இலை இடுக்கு ஒவ்வொண்ணும் ஊசித்துளையா மாறி, தரை பூராப் பிறை பிறையா வெளிச்சம். காலை ஒன்பதரை வாக்குல பிறையெல்லாம் வட்டமாச்சு, கண்ணாடி வளையலைக் கொட்டின மாதிரி. வெயில் இருக்கு, சூடு இல்லை. நம்மளைக் கேட்டா சூரியனும் சந்திரனும் நகருது? அப்படி ஒரு பயம். என்னைத் திட்ட வந்த அத்தை, தன் கையில விழுந்த வளையல் வெளிச்சத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. திட்ட மறந்துட்டாங்க.

*

மேலூர்த் தம்பி, உங்க பக்கத்து ஊர் வாதவூர்க்காரர் மாணிக்கவாசகர், அண்டமெல்லாம் வீட்டுக்குள்ள நுழையிற வெயில்ல மிதக்கிற தூசு மாதிரின்னு அப்பவே பாடிட்டுப் போயிட்டார். நான் சோழவந்தான். எங்க அப்பத்தாவுக்கு வானம்தான் கடிகாரம். விடிவெள்ளி பார்த்து அப்பாவை வெத்திலைக் கொடிக்காலுக்கு எழுப்பிவிடும். ஒரு நாள் ‘செட்டியைக் கெடுத்த வெள்ளி’யைப் பார்த்து ஏமாந்துருச்சு. விடிவெள்ளின்னு நம்பி நடுச்சாமத்துல மூட்டையோட கிளம்பி, திருடன் கிட்ட மாட்டின செட்டியார் கதை அது. ஒரு மணிக்கே எங்களைக் கிளப்பி விட்டுருச்சு. எனக்கு ஏழு வயசு, அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டுப் போறேன். பாதி வழியிலதான் அவருக்கு விஷயம் புரிஞ்சுச்சு. திரும்பல. வைகை மணல்ல துண்டை விரிச்சு உட்கார்ந்தார். விடியற வரைக்கும் ரெண்டு பேரும் மேல பார்த்துக்கிட்டே இருந்தோம். அத்தனை நேரத்துல அப்பா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: “குளிருதாடா?”