எல்கேஜி பிள்ளைக்கு கிராஃப்ட் ஹோம்வொர்க்: பண்றது பிள்ளையா, அம்மாவா?

ஓஎம்ஆர்_அம்மா:
பையன் எல்கேஜி, நாலு வயசு ஆகப்போகுது. ஸ்கூல் க்ரூப்ல சர்குலர் வந்தாலே எனக்கு பக்குனு இருக்கு. ஜூலைல எல்லோ டே, மஞ்ச டிரஸ் மஞ்ச டிபன் மஞ்ச கலர்ல ஒரு கைவேலை. ஆகஸ்ட்ல கொடி பேட்ஜ், அப்புறம் கிருஷ்ண ஜெயந்திக்கு வேஷம் பிளஸ் அலங்காரம் பண்ணின உறிப்பானை. பின்னாடியே பிள்ளையார், மினி கொலு, தீபாவளிக்கு அகல் விளக்கு பெயின்டிங், நவம்பர் 14 ஃபேன்சி டிரஸ், கிறிஸ்துமஸ் ஸ்டார், பொங்கல் பானை. எல்லாத்துக்கும் முந்தின நாள் சாயங்காலம்தான் மெசேஜ் வரும், ஆபீஸ் முடிஞ்சு வந்து ஃபேன்சி ஸ்டோர் ஓடி சமிக்கி, கண்ணாடி, சார்ட் பேப்பர், ஃபெவிகால் வாங்கி உக்காரும்போது பிள்ளை தூங்கிடுவான். நான் வெட்டி நான் ஒட்டி காலைல கைல குடுத்து அனுப்புறேன், போற வழியில அதை தொடாதடா பிஞ்சிடும்னு வேற அவனை மிரட்டுறேன். அங்க போனா பெஸ்ட் கிராஃப்ட்னு ப்ரைஸ், ஜெயிச்ச பானைய பாத்தா எந்த நாலு வயசு பிள்ளையும் பண்ணிருக்க முடியாது. வீட்டுக்கு கிராஃப்ட் குடுக்குறதையே நிறுத்தணும்ங்கிறது என் கட்சி. பண்ணனும்னா கிளாஸ்ல பண்ணட்டும், கோணலா இருந்தாலும் பரவால்ல. நீங்கள்லாம் என்ன சொல்றீங்க?

கோவை_அப்பா:
நான் ஒத்துக்க மாட்டனுங்க. எல்கேஜில மீதி நேரம் என்ன நடக்குதுன்னு பாருங்க, ஏபிசிடி எழுது, ஒன்னு ரெண்டு எழுது, ரைம்ஸ் ஒப்பி. பாப்பா கைய அழுக்கு பண்ணி விளையாடுற ஒரே இடம் இந்த கிராஃப்ட்தானுங்க, அதையும் நிறுத்துனா என்ன மிஞ்சும்? நானும் ஷிப்ட் போறவன்தான். போன பொங்கலுக்கு சின்ன மண்பானை வாங்கி, கிண்ணத்துல சுண்ணாம்பும் இன்னொன்னுல காவியும் கரைச்சு வச்சேன், பாப்பா அஞ்சு விரலையும் முக்கி பானையப் புடிச்சா, அப்டியே கை அச்சு விழுந்துச்சு, சுண்ணாம்பு கண்ணுல பட்டுறக்கூடாதுன்னு பக்கத்துலயே இருந்து உடனே கழுவி விட்டேன். அரை மணி நேரந்தான். ப்ரைஸ் வரல, ஆனா அந்தப் பானை இன்னும் எங்க பூஜை அலமாரில இருக்குது. வீட்டுல அப்பா அம்மா கூட உக்காந்து பண்றது கிளாஸ்ல கிடைக்காதுங்க. பெத்தவங்க தூக்கி பண்ணிட்டு ஸ்கூல குறை சொல்றது நியாயமில்லீங்க.

ஓஎம்ஆர்_அம்மா:
சார் நீங்க கை அச்சோட அனுப்புனீங்க சந்தோஷம், ஆனா அங்க மத்த பானை எல்லாம் முத்து வச்சு ஜரிகை சுத்தி வந்திருக்கும்ல, உங்க பாப்பா பானைய எந்த வரிசைல வச்சாங்க? எங்க ஸ்கூல்ல ஒரு பிள்ளை தானே கலர் அடிச்சு கொண்டு வந்த விளக்க ஸ்டால்ல கடைசி வரிசைல ஓரமா வச்சிருந்தாங்க, அந்த குழந்தை தன்னோடத தேடித் தேடி பாத்துட்டு நின்னுச்சு. ப்ரைஸ்னு ஒன்னு இருக்குற வரைக்கும் எந்த அம்மாவும் சும்மா விட மாட்டா, இதுல தனி ஆளை குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்.

கேஜி_மிஸ்:
நான் கேஜி டீச்சர், ரெண்டு பேருக்கும் சேத்து சொல்றேன். மூணு வயசுல பிள்ளை ஒரு வட்டம் போடும், நாலு வயசு வாக்குல சதுரம், அஞ்சு வயசுக்கு பக்கத்துலதான் முக்கோணம் வரும். கத்திரிக்கோல்னா மூணு வயசுல பேப்பர் ஓரத்த சும்மா நறுக்கும், நேர்கோட்டுல வெட்ட நாலு வயசு ஆகும், வளைச்சு வெட்ட இன்னும் நாளாகும். ஆள் வரைய சொன்னா ஒரு பெரிய தலை, அதுல இருந்தே நேரா ரெண்டு கால், உடம்பே இருக்காது, இது அந்த வயசுக்கு சரியான படம். இதை தெரிஞ்சுக்கிட்டே பார்டர் கட் பண்ணின சார்ட் கொண்டு வாங்கன்னு சொல்றது தப்பு, இதுல நான் ஓஎம்ஆர் மேடம் பக்கம்.

ஆனா கிளாஸ்லயே பண்ணுங்கன்னு ஈஸியா சொல்றீங்களே, இருவத்தஞ்சு பிள்ளைங்க, ஒரு மிஸ், ஒரு ஆயாம்மா. பசை ஒருத்தன் வாயில, ஒருத்தன் முடியில. அப்படியும் பண்ண வச்சு அனுப்புனா மறுநாள் பேரன்ட் வந்து என்ன மிஸ் கிறுக்கி வச்சிருக்கு, ஃபீஸ் இவ்ளோ கட்டுறோமேன்னு கேக்குறாங்க. மேனேஜ்மென்ட் பக்கம் விஜயதசமி அட்மிஷன், ஜனவரி அட்மிஷன்னு போஸ்ட் போட அழகான போட்டோ வேணும், கிறுக்கல் போட்டோ போட மாட்டாங்க. கேக்குறது ரெண்டு பக்கமும், மாட்டுறது நாங்க.

மத்திய அரசு 2022 அக்டோபர்ல வெளியிட்ட அடிப்படை நிலை கலைத்திட்டம் மூணுல இருந்து எட்டு வயசு வரைக்கும் விளையாட்டு வழிதான் படிப்புன்னு சொல்லுது, ஆனா எங்க அட்மிஷன் கவுன்டர்ல வர்ற முதல் கேள்வி எழுத எப்ப சொல்லித் தருவீங்கன்னுதான்.

திருச்சி_தாத்தா:
பானை, சார்ட் சண்டையில நான் வரல. விழாக்களையும் சேர்த்து நிறுத்துவது பற்றி யாராவது பேசுவீர்கள் என்று தெரியும், அதனால் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். பேரன் ஸ்கூலில் தாத்தா பாட்டி தினம் வைத்தார்கள். பனை ஓலை கொண்டு போனேன், ரெண்டு துண்டு ஓலையை குறுக்காக மடித்து ஒரு ஈர்க்கு சொருகினால் காற்றாடி, நாலு ஓலையை பின்னி உள்ளே கல்லைப் போட்டால் கிலுகிலுப்பை. ஆடிக் காற்று வேறு. பிள்ளைகள் மைதானத்தில் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடிய ஓட்டம் இருக்கிறதே! நமது மாநில மரம் பனை, ஆனால் அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஓலையை அன்றுதான் தொட்டார்கள். மகன் வேலைக்குப் போகிறான், மருமகளும் போகிறாள், பேரனுக்கு கைவேலை சொல்லித்தர எங்களுக்கும் ஒரு இடம் வேண்டாமா?

நெல்லை_தங்கச்சி:
ஐயா நீங்க சொல்லுத ஓலைக் காத்தாடி ரொம்ப நல்லாருக்கு. ஆனா இந்த ஃபேமிலி ஈவென்ட் பத்தி எனக்கு வேற ஒன்னு சொல்லணும். நான் என் பிள்ளைய தனியா வளக்கேன். ஸ்கூல்ல அப்பா தினம்னு வச்சு அப்பா கூட டான்ஸ், அப்பாவுக்கு டை மாதிரி ஒரு கார்டு. எல்லாப் பிள்ளையும் கார்டுல அப்பா போட்டோ ஒட்டுது, எம்பிள்ள யார் போட்டோவ ஒட்டும்? மிஸ் மாமா போட்டோ ஒட்டுன்னு சொல்லிருக்காங்க, வீட்டுக்கு வந்து மாமா எனக்கு அப்பாவான்னு கேட்டா. அப்பா வெளிநாட்டுல இருக்க பிள்ளைங்க, தாத்தா பாட்டி இல்லாத பிள்ளைங்க எத்தனை பேர் இருக்கும். முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டா என்ன? வீட்டுல இருந்து யாராவது ஒருத்தர் வாங்கன்னு பொதுவா கூப்பிட்டா முடிஞ்சுது. இல்லன்னா வைக்கவே வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்.

திருச்சி_தாத்தா:
அம்மாடி, உன் பிள்ளை அந்தக் கேள்வி கேட்டது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. அழைப்பை பொதுவாக மாற்றச் சொல்வது நியாயம். ஆனாலும் வைக்கவே வேண்டாம் என்பதில் நான் உன்னோடு இல்லை. அன்றைக்கு அங்கே பாட்டி இல்லாத ஒரு பிள்ளை பக்கத்துப் பையனின் பாட்டி மடியில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடியது, அந்த அம்மாளும் ரெண்டு பிள்ளைகளுக்கும் புளியங்கொட்டை பிரித்துக் கொடுத்தார்கள். விழா இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

நெல்லை_தங்கச்சி:
அது அந்த பாட்டியோட நல்ல மனசு ஐயா, ஸ்கூல் பண்ணுன ஏற்பாடு இல்ல. அந்தப் பாட்டி வராம இருந்தா அந்தப் பிள்ள மூலையில உக்காந்திருக்கும். நல்ல மனசுக்காரங்க வருவாங்கன்னு நம்பி நாலு வயசு பிள்ளைய கொண்டு நிறுத்த முடியாது.

மதுரை_உம்மா:
எனக்கு இன்னொரு கேள்வி. கிருஷ்ண ஜெயந்திக்கு கிளாஸ் மொத்தமும் வேஷம், எம்மகனும் மயிலிறகு வச்சுக்கிட்டு போனான், சந்தோஷமாத்தான் போனான், எனக்கு அதுல வருத்தம் இல்ல. ரம்ஜானுக்கு மட்டும் ஒரு பிறை படம் கலர் பண்ணிட்டு முடிச்சிடுறாங்க. அதை கூட விடுங்க, சீசன் கிராஃப்ட்னு டிசம்பர்ல பஞ்சு ஒட்டி பனிமனுஷன் செய்ய வச்சாங்க! வெளிய வடகிழக்கு பருவமழை, மதுரைல வானத்துல இருந்து பனி கொட்டுறத எவன் பாத்தான்? இலையுதிர் காலம்னு ஆரஞ்சு கலர் இலை வேற. இணையத்துல இருந்து பிரின்ட் எடுத்து குடுக்குறாங்க. நம்ம ஊருக்கு சீசன் இல்லையா? ஏப்ரல் மேல நுங்கு, நுங்கு தின்னுட்டு மிச்ச காய்ல குச்சி சொருகி வண்டி உருட்டலாம். ஆடில காத்து. ஐப்பசி கார்த்திகைல மழை, காகிதக் கப்பல். மார்கழில வாசல்ல கோலம், பறங்கிப்பூ. இதுக்கு சமிக்கி எதுக்கு, ஃபேன்சி ஸ்டோர் எதுக்கு?

அங்கன்வாடி_அக்கா:
மதுரைக்காரங்க சொன்னதுதான் நாங்க தினமும் பண்ணிட்டு இருக்கோம், ஆனா அதை யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க. தமிழ்நாட்டுல 54 ஆயிரத்துக்கு மேல அங்கன்வாடி மையம் இருக்கு, 1975 அக்டோபர் 2ல ஆரம்பிச்ச திட்டம், முட்டை, சத்துமாவு குடுக்குற இடம்னு மட்டும் நெனைக்கிறீங்க. எங்களுக்கு ஆடிப்பாடி விளையாடு பாப்பான்னு பாடத்திட்டமே இருக்கு, மாசத்துக்கு ஒரு தலைப்பு. வெண்டைக்காய குறுக்க வெட்டி கலர்ல தொட்டு அச்சு வச்சா பூ பூவா விழும், வேப்பிலை, அரச இலை அச்சு, மணல்ல விரலால எழுதுறது, காய்ஞ்ச தேங்காய் ஓடு. செலவு எதுவுமில்ல. பிள்ளை பண்ணினதை அப்படியே கொடியில மாட்டுவோம், ப்ரைஸ் கிடையாது, அம்மாங்க வந்து எது எம்புள்ளையோடதுன்னு கேப்பாங்க, பிள்ளையே இழுத்துட்டு போய் காட்டும்.

கோவை_அப்பா:
அக்கா நீங்க பண்றது ரொம்ப சரிங்க, ஆனா உங்ககிட்டயும் கிளாஸ்லயே முடிஞ்சுருதே, வீட்டுக்கு வர்றதில்லையே. நான் கேக்குறது அதுதானுங்க. பாப்பா ஸ்கூல்ல என்ன பண்ணுனான்னு கேட்டா ஒன்னுமில்லைன்னுதான் சொல்றா, கிராஃப்ட் வீட்டுக்கு வந்தாத்தான் நான் அவ கூட உக்காந்து பேசுறேன். ப்ரைஸ எடுத்துருங்க, ஒரு வாரம் முன்னாடி சொல்லுங்க, கடைல வாங்க வேண்டிய பொருள் எதையும் கேக்காதீங்க, இந்த மூணும் பண்ணீட்டு வீட்டுக்கு குடுக்கட்டுமுங்க.

ஓஎம்ஆர்_அம்மா:
ஒரு வாரம் முன்னாடி சொன்னா ஒரு வாரம் டென்ஷன் சார். உங்க வீட்டுல அரை மணி நேரம் கிடைக்குது, எல்லா வீட்டுலயும் கிடைக்காது. எங்க அபார்ட்மென்ட்ல வீட்டு வேலை செய்ற அக்காவோட பிள்ளையும் இதே மாதிரி ஒரு பிரைவேட் நர்சரிலதான் படிக்குது, வேஷ வாடகை நானூறு ரூபா, பானை, பெயின்ட், அவங்க கடன் வாங்கி குடுத்தாங்க. வீட்டுக்கு அனுப்புற எதுவுமே பணம் இருக்குற வீடு, இல்லாத வீடுன்னு காட்டிக் குடுத்திடும். கிளாஸ்ல ஒரே களிமண்ணுல எல்லாரும் பண்ணினா அது தெரியாது. இதுல நான் மாற மாட்டேன்.

மிஸ், அடுத்து பிள்ளையார் சதுர்த்தி வருது, எங்க ஸ்கூல்ல வீட்டுல செஞ்ச பிள்ளையார் கொண்டு வாங்கன்னு சொல்லிடுவாங்க, அதுக்கு முன்னாடியே நான் கிளாஸ்ல வைங்கன்னு எழுதிக் குடுக்கப்போறேன். மூணு நாலு வயசு பிள்ளைங்கள வச்சு முடியுமா, எப்படின்னு சொல்லுங்க, அதையே எழுதிக் குடுக்குறேன்.

கேஜி_மிஸ்:
முடியும் மேடம். ஒரே நாள்ல மொத்த கிளாஸையும் உக்கார வைக்கக்கூடாது, ஆறு ஆறு பேரா, மீதி பேர் ஆயாம்மா கூட வெளிய. களிமண்ண முந்தின நாளே தண்ணி தெளிச்சு ஈரத்துணி போட்டு மூடி வச்சிடணும், கல்லு, குச்சி, கண்ணாடித் துண்டு இருக்கான்னு பெரியவங்க பிசைஞ்சு பாக்கணும். ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழ அளவு போதும். பெரிய உருண்டை தொப்பை, சின்ன உருண்டை தலை, பாம்பு மாதிரி உருட்டினா தும்பிக்கை, தட்டினா காது. தலை விழுந்தா விழட்டும், நாம எடுத்து ஒட்டக்கூடாது, அவங்களே திரும்ப வைப்பாங்க. கண்ணுக்கு குன்றிமணி குடுக்கவே கூடாது, அது விஷம், கடிச்சு முழுங்கிட்டா ஆபத்து, இந்த வயசுல மூக்குக்குள்ளயும் விட்டுக்குவாங்க, ஆமணக்கு விதையும் அப்படித்தான். ஈர்க்குச்சியால ரெண்டு குத்து குத்தினா கண்ணு. பெயின்ட் வேண்டாம், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு வேண்டவே வேண்டாம், பிளாஸ்டர் பிள்ளையார் கூடாதுன்னு மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2020லயே சொல்லிடுச்சு. காய்ஞ்சதும் பக்கெட் தண்ணில பிள்ளைங்களே போட்டு கரைக்கட்டும், அவங்களுக்கு செய்றதவிட அதுதான் ரொம்ப பிடிக்கும், அந்த தண்ணிய செடிக்கு ஊத்திடலாம்.

அகல் விளக்குக்கும் சேத்து சொல்லிடுறேன், பெயின்ட் வெளிப்பக்கம் மட்டும், திரி வைக்கிற மூக்கு பக்கம் கூடாது, சூட்டுல கருகி நாத்தம் அடிக்கும். பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி விளக்க ஒரு ராத்திரி தண்ணில ஊறப்போட்டு காயவச்சிடுங்க, எண்ணெய் அவ்வளவா குடிக்காது.

மதுரை_உம்மா:
மிஸ், களிமண்ண எம்மகன் கிளாஸ்ல குடுத்தா பிள்ளையார்தான் செய்யணும்னு இல்லாம யானையோ ஒட்டகமோ எது வருதோ செய்யட்டும்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க.

கேஜி_மிஸ்:
நான் அப்படித்தான் சொல்வேன்மா, பாதிக்கு மேல பாம்பும் தோசையும்தான் வரும்.

கோவை_அப்பா:
ஓஎம்ஆர் மேடம், லெட்டர் எழுதறீங்கன்னா ப்ரைஸ் வேண்டாம்ங்கிற வரிய மொதல்ல போடுங்க, அதுல நானும் கையெழுத்து போடுவேன், எங்க ஸ்கூலுக்கும் அதே வரிய எழுதிக் குடுக்கறேன். வீட்டுக்கு ஒன்னுமே அனுப்பாதீங்கன்னு நீங்க எழுதுனா அந்த வரிக்கு மட்டும் என் கையெழுத்து கிடையாதுங்க.

நெல்லை_தங்கச்சி:
வீட்டுல இருந்து யாராவது ஒருத்தர் வாங்கங்கிற வரியையும் மறக்காம சேருங்க அக்கா.

ஓஎம்ஆர்_அம்மா:
ப்ரைஸ் முதல் வரி, தங்கச்சி சொன்னது ரெண்டாவது வரி, களிமண் மூணாவது, எது வேணும்னாலும் செய்யட்டும்ங்கிறது அதோட சேத்து. வீட்டுக்கு அனுப்பாதீங்கங்கிறது நாலாவதா இருக்கும் சார், அதை எடுக்க மாட்டேன். சனிக்கிழமை பேரன்ட்ஸ் மீட்டிங், அங்க குடுத்துட்டு என்ன சொல்றாங்கன்னு இங்க வந்து போடுறேன்.