அன்லோகா திருவிழாவுக்கு அழைப்பு: சாப்பாடு எப்படி இருக்கும்?

அக்ராவாசி:
கானாவுக்கு வந்து 7 மாதம் ஆகிறது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் அன்லோ ஏவே இனத்தவர். நவம்பர் முதல் சனிக்கிழமை அன்லோகாவில் ஹோக்பெட்ஸோட்ஸோ திருவிழாவாம், வீட்டில் தங்கிச் சாப்பிட வேண்டும் என்று குடும்பத்தோடு கூப்பிட்டிருக்கிறார். எனக்கு அக்ராவின் கென்கேயும் (புளித்த சோள மாவு உருண்டை) பொரித்த மீனும் பழகிவிட்டது. மனைவி சுத்த சைவம். அன்லோகா இருக்கும் வோல்ட்டா பக்கத்துச் சாப்பாடு எப்படி? போனவர்கள் சொல்லுங்களேன்.

உப்பளம்:
அன்லோகாவுக்குப் பக்கத்து ஊரான கேட்டாவில் 3 வருடம் வேலை பார்த்தவன் நான். யோசிக்காமல் போய் வாருங்கள் தம்பி.

முக்கியமான சாப்பாடு அக்ப்லே. சோள மாவும் மரவள்ளி மாவும் சேர்த்துக் கிண்டுவார்கள், களிப் பதம். பான்கு என்கிற புளித்த மாவுக் களி அளவுக்குப் புளிக்காது. தொட்டுக்கொள்ள ஃபெத்ரி தெத்ஸி, அதாவது வெண்டைக்காய்ச் சாறு, உள்ளே மீனும் நண்டும் கிடக்கும். நாம் வதக்கிப் போக்குகிற வழவழப்பு அங்கே வேண்டுமென்றே வருவது. உருண்டையைக் கிள்ளித் தோய்த்து விழுங்கிவிடுங்கள், மெல்லாதீர்கள். வலது கைதான். இடது கையால் தட்டை நீட்டினாலே முகம் சுளிப்பார்கள்.

ஏவே மொழியில் நன்றிக்கு 'அக்பே'. நான் முதல் மாதம் முழுக்க 'அக்ப்லே, அக்ப்லே' என்று நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் தட்டில் இன்னோர் உருண்டை விழுந்தது.

எனக்குப் பிடித்தது அபோலோ. புளித்த சோள மாவில் லேசான இனிப்பு சேர்த்து ஆவியில் வேகவைத்தது. கூடவே பொரித்த நெத்திலி. அதற்கு 'கேட்டா ஸ்கூல் பாய்ஸ்' என்று பட்டப்பெயர், கடையில் அப்படியே கேட்கலாம்.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கேட்டா காயல், நடுவில் ஒல்லியான மணல் திட்டு. அதில் பாத்தி பாத்தியாகச் சின்ன வெங்காயம்! வெறும் மணலில் எருவைப் போட்டு, தண்ணீர் ஊற்றி விளைவிக்கிறார்கள். விடிகாலையில் போய்ப் பாருங்கள்.

திருவிழா, இன்றைய டோகோவிலுள்ள நோட்ஸேயிலிருந்து அன்லோ மக்களின் முன்னோர் தப்பி வந்த நினைவு. அகோகோலி மன்னனின் கொடுமை தாங்காமல், பெண்கள் கழுவிய தண்ணீரை மதிலின் ஒரே இடத்தில் நாள்தோறும் ஊற்றி ஊறவைத்தார்களாம். மதில் உடைந்ததும், காலடி பார்ப்பவர்கள் ஏமாறட்டும் என்று பின்னோக்கியே நடந்து போனார்களாம். இந்தக் கதையை அங்கே வயதானவர் யாரிடமாவது கேளுங்கள், நான் சொல்வதெல்லாம் சப்பை.

உங்கள் மனைவிக்குத்தான் கஷ்டம். கீரைக் குழம்பிலும் மீன் இருக்கும். 'மீனை எடுத்துவிட்டுத் தருகிறேன்' என்று அன்பாகவே சொல்வார்கள்.

மழைக்காளான்:
நான் சைவம், அதே வோல்ட்டா பக்கத்து ஹோ நகரத்தில் 2 வருடம் இருந்தேன். உப்பளம் அண்ணா சொன்னது சரி, ஆனால் மீன் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. காய்ந்த இறால் பொடியும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். என்னைக் காப்பாற்றியது யாகெயாகே, துருவிய மரவள்ளியை ஆவியில் வேகவைத்தது. இல்லாவிட்டால் 'ரெட் ரெட்': செம்பனை எண்ணெயில் காராமணி, பக்கத்தில் பொரித்த வாழைப்பழம். அதிலும் சிலர் மீன் போடுவார்கள், கேட்டுவிட்டு உட்காருங்கள்.

அக்ராவாசி:
இருவருக்கும் அக்பே (சரியாகத்தானே சொன்னேன்?). இன்று நண்பரிடம் இறால் பொடி பற்றிச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது மசாலாதானே?" என்றார்.